மதிலுக்கு அப்பால் வாழும் மனிதன்





அன்பார்ந்த நேயர்களே!

கொலை, களவு, வட்டி, மது, சூது போன்ற பெரும் பாவங்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகின்றோம், கேட்கின்றோம். அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் எந்தப் பாவப் பட்டியலிலும் நாம் எழுதிக்கொள்ளாத சில சிறிய செயல்கள் நமது அன்றாட வாழ்வை மெல்ல மெல்ல அரித்து வருகின்றன. பஸ் வண்டியில் ஒரு கர்ப்பிணித் தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகின்றாள். இருக்கையில் அமர்ந்துள்ள வாலிபர் கண்ணை மூடித் தூங்குவது போல் இருக்கின்றார். அரசாங்க வைத்தியசாலையில் விடியற்காலை முதல் வரிசையில் நிற்கும் முதியவரைத் தாண்டி, உள்ளே தெரிந்தவர் ஒருவர் இருக்கும் தைரியத்தில் மற்றொருவர் நேராக உள்ளே செல்கின்றார். நள்ளிரவில் ஒழுங்கை வழியே செல்லும் மோட்டார் சைக்கிளின் இரைச்சலில் நோயாளியும் கைக்குழந்தையும் திடுக்கிட்டு விழிக்கின்றனர். இவற்றைச் செய்தவர்கள் எவரையும் வெறுத்துச் செய்யவில்லை. அடுத்தவர் ஒருவர் இருக்கின்றார் என்ற நினைவே அவர்களுக்கு எழவில்லை, அவ்வளவுதான்.

இந்த நினைவின்மைதான் இன்றைய எமது உரையின் பொருள். இதனைச் சுயநலம் என்று ஒரே சொல்லில் கூறிவிடலாம். ஆயினும் நோய்க்கு மருந்து தேடுபவன் நோயின் பெயரைச் சொல்வதோடு நின்றுவிட மாட்டான். அது எங்கிருந்து வருகின்றது என்பதையும் ஆராய்வான். நாமும் அவ்வாறே சற்று ஆராய்வோம்.

முதலாவது காரணம், நமது எல்லை நமது மதிலோடு முடிந்துவிடுகின்றது என்ற எண்ணம். வீட்டினுள்ளே தரை பளபளக்கின்றது, முற்றம் பெருக்கப்பட்டுள்ளது. பெருக்கிய குப்பையோ பையில் கட்டப்பட்டு, இருள் சூழ்ந்த பின்னர் அடுத்த தெருவின் முடக்கில் அல்லது வடிகானில் போடப்படுகின்றது. 'எனது வீடு சுத்தமாகிவிட்டது' என்ற திருப்தியோடு நாம் உறங்கச் செல்கின்றோம்.

நேயர்களே! 2017ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு ஏப்ரல் 14ஆந் திகதி, நாட்டின் பெரும்பாலானோர் புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்த நாளில், மீதொட்டமுல்லையில் மலையெனக் குவிந்திருந்த குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாகின. அந்தக் குப்பை மேட்டைக் குவித்தவர் யார்? ஒரு தனி மனிதரா? இல்லை. பல்லாயிரம் வீடுகளிலிருந்து, 'இது இனி என்னுடைய பொறுப்பன்று' என்று வெளியே அனுப்பப்பட்ட பைகள் ஒன்றுசேர்ந்து மலையாகின. அதனைத் தாங்கி வாழ்ந்தவர்களோ அம்மலையின் அடிவாரத்தில் குடியிருந்த வறிய மக்கள். குப்பையை முறையாக அகற்றுவது அதிகாரிகளின் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் அதிகாரிகளின் தவறு நமது பங்கை இல்லாமலாக்கிவிடாது.

அதே ஆண்டில் டெங்குக் காய்ச்சல் இந்நாடு அதுவரை கண்டிராத அளவில் பரவியது. 1,86,000 பேருக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நானூறுக்கும் மேற்பட்டோர் மரணித்தனர். டெங்கு நுளம்பு பெருகுவதற்குக் குளமோ ஆறோ தேவையில்லை. வீசியெறிந்த யோகட் கோப்பை, கவிழ்க்காத சிரட்டை, பழைய டயர், சருகு அடைத்த கூரைப் பீலி ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு மழைநீர் போதும். முட்டையிலிருந்து நுளம்பாவதற்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் போதுமானது. அந்நுளம்பு வெகுதூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்குள்ளேயே வாழ்கின்றது. இதன் பொருள் என்ன? ஒரு பிள்ளை டெங்குவினால் நோயுறும்போது, அந்நுளம்பு வெளியூரிலிருந்து வந்திருப்பது அரிது. அது அப்பிள்ளையின் வீட்டில், அல்லது பாடசாலையில், அல்லது அயல்வீட்டில் பிறந்திருக்கும். அயலவரைக் கொடுமைப்படுத்த வேண்டும் என்று எவரும் டயரில் தண்ணீர் சேர்த்து வைப்பதில்லை. கவனியாமல் விட்டதே காரணம். ஆயினும் கவனியாமையால் வந்த மரணம் தாய்க்கு இலகுவாக இருப்பதில்லை.

இவ்விடத்தில், ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ள நபி (ஸல்) அவர்களின் ஓர் உவமை எவ்வளவு பொருத்தமாக உள்ளது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். ஒரு கப்பலில் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் பயணிக்கின்றனர். கீழே உள்ளவர்கள் தண்ணீருக்காக மேலே ஏறிச்சென்று தொந்தரவு கொடுப்பதைவிட, தமது பகுதியில் ஒரு துளையிட்டுக்கொள்ளலாமே என்று எண்ணுகின்றனர். மேலே உள்ளவர்கள் அவர்களை விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் தப்புவர். இதுவே அவ்வுவமையின் சாரம். துளையிட நினைத்தவர்களின் எண்ணம் தீயதன்று என்பதை இங்கு கவனிக்க வேண்டும். அவர்கள் பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்றே எண்ணினார்கள். 'எமது இடத்தில்தானே' என்று கருதியதே அவர்களது பிழை. மேலே உள்ளவர்களும் துளையிட்டவர்களல்லர். எனினும் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களும் மூழ்குவர். சுயநலத்தையும் அலட்சியத்தையும் ஒருசேரக் காட்டுகின்ற உவமை இது.

பாதையிலுள்ள இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபியவர்கள் எண்ணினார்கள். மக்கள் நடக்கும் வழியிலும் நிழல் பெறும் இடத்திலும் நீர் எடுக்கும் துறையிலும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித்தரும் என எச்சரித்தார்கள். இம்மூன்றும் எவருடைய தனிச் சொத்துமல்ல. எல்லோருக்கும் உரிய இடங்கள். தனக்கு உரியதைப் பேணுவதில் பெரிய சிறப்பில்லை. எல்லோருக்கும் உரியதைப் பேணுவதிலேயே ஒருவனது ஈமான் வெளிப்படுகின்றது.

இரண்டாவது காரணம், 'வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்ற எண்ணம். வீதியில் ஒருவர் விபத்துக்குள்ளாகி விழுந்து கிடக்கின்றார். சுற்றிலும் ஐம்பது பேர் நிற்கின்றனர். ஐம்பது பேர் இருப்பதால் உதவி விரைவாகக் கிடைக்கும் என்றே நாம் நினைப்போம். நடைமுறையிலோ ஒவ்வொருவரும் மற்றவரின் முகத்தைப் பார்க்கின்றார். சிலர் கையடக்கத் தொலைபேசியை உயர்த்திப் படம் பிடிக்கின்றனர். அவசர இலக்கத்துக்கு யாராவது அழைத்திருப்பார்கள் என்று எல்லோரும் எண்ணுகின்றனர், எவரும் அழைத்திருப்பதில்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜோன் டார்லி, பிப் லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் இதனை ஆராய்ந்து 1968ஆம் ஆண்டில் தமது முடிவுகளை வெளியிட்டனர். தனித்தனி அறைகளில் மாணவர்களை அமர்த்தி, ஒலிக்கருவி மூலம் பேச வைத்தனர். பேச்சின் நடுவே ஒருவருக்கு வலிப்பு ஏற்பட்டது போன்ற குரல் கேட்கும்படி ஏற்பாடு செய்தனர். அக்குரலைத் தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களுள் நூற்றுக்கு 85 பேர் வீதம் அக்குரல் ஓயும் முன்னரே உதவி தேடி எழுந்து சென்றனர். வேறு நால்வரும் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியவர்களுள் நூற்றுக்கு 31 பேர் வீதமே அவ்வாறு எழுந்தனர். எழாதவர்கள் கல்நெஞ்சர்களா? அல்லர். அவர்களுட் பலர் பதற்றத்தோடும் கவலையோடுமே இருந்தனர். ஆனால் பொறுப்பு பலருக்குள் பங்கிடப்பட்டபோது, ஒவ்வொருவருக்கும் கிடைத்த பங்கு எழுந்து நடப்பதற்குப் போதாததாகிவிட்டது.

அன்பார்ந்த சகோதரர்களே! இந்த நோய்க்கான மருந்தை நமது பிக்ஹு அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்துள்ளனர். அதன் பெயர் பர்ளு கிபாயா. சமூகத்தின் மீது விதிக்கப்பட்ட கடமை அது. ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுது அடக்குவது அதற்கு நாம் யாவரும் அறிந்த உதாரணம். சிலர் நிறைவேற்றினால் ஏனையோர் மீதுள்ள கடமை நீங்கிவிடும். இதனை மட்டும் நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கின்றோம். ஒருவருமே நிறைவேற்றாவிட்டால் அனைவரும் குற்றவாளிகளாவர் என்ற மறுபாதியை மறந்துவிடுகின்றோம். சாதாரண மனித மனம், பத்துப் பேர் நின்றால் பொறுப்பைப் பத்தாகப் பிரிக்கின்றது. பர்ளு கிபாயா என்ற கோட்பாடோ அதனைப் பிரிப்பதில்லை. செய்து முடிக்கப்படும்வரை முழுப் பொறுப்பையும் பத்துப் பேரின் தலையிலும் முழுமையாகவே வைக்கின்றது. ஆகவே கூட்டத்தில் நிற்கும் ஒரு முஃமின், 'யாராவது செய்வார்கள்' என்று எண்ண முடியாது. 'யாரேனும் செய்துவிட்டார்களா?' என்று கேட்டு உறுதிசெய்வதே அவனது வேலை. செய்யப்படவில்லையாயின் அது அவனுடையது.

மூன்றாவது காரணம் அவசரம். இதனை நாம் ஒரு குற்றமாகவே கருதுவதில்லை. அவசரமாக ஓடுபவனைச் சுறுசுறுப்பானவன் என்று பாராட்டவும் செய்கின்றோம். 1973ஆம் ஆண்டில் டார்லியும் டானியல் பட்சன் என்ற மற்றோர் ஆய்வாளரும் வெளியிட்ட ஓர் ஆய்வு, மார்க்கப் பணியில் ஈடுபட்டுள்ள எம்போன்றோரைச் சிந்திக்க வைக்கக்கூடியது. பிரின்ஸ்டன் நகரிலுள்ள கிறிஸ்தவ இறையியல் கல்லூரியைச் சேர்ந்த நாற்பது மாணவர்களைத் தெரிவுசெய்து, அருகிலுள்ள கட்டடத்துக்குச் சென்று ஒரு சிற்றுரை நிகழ்த்துமாறு கேட்டனர். அவர்களுட் சிலருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றிய பைபிள் கதையாகும். செல்லும் வழியில் ஒருவர் குனிந்து இருமி முனகிக்கொண்டு விழுந்து கிடந்தார். நேரம் தாராளமாக இருப்பதாகக் கூறப்பட்டவர்களுள் நூற்றுக்கு 63 பேர் வீதம் உதவினர். தாமதமாகிவிட்டது, விரைந்து செல்லுங்கள் என்று கூறப்பட்டவர்களுள் நூற்றுக்குப் 10 பேர் வீதமே உதவினர். எதைப் பற்றி உரையாற்றச் சென்றார்கள் என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. இரக்கத்தைப் பற்றி உரையாற்றச் சென்றவர்களே அந்த மனிதரைக் கடந்து சென்றனர்.

இதனை மற்றொரு மதத்தவரின் குறையாக எண்ணிவிடாதீர்கள். ஜுமுஆவுக்கு நேரமாகிவிட்டதென்று, அயலவர் ஒருவரின் வாயிற்கதவை மறித்து வாகனத்தை நிறுத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குள் ஓடுகின்ற காட்சியை நாம் வெள்ளிக்கிழமை தோறும் காண்கின்றோம். உள்ளே குத்பாவில் அயலவரின் உரிமைகள் பற்றி எடுத்துரைக்கப்படுகின்றது. வெளியே, தாயை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய ஒருவர் வாகனத்தை எடுக்க முடியாமல் தவிக்கின்றார். அவர் தமிழராகவோ சிங்களவராகவோ இருக்கலாம். குர்ஆனை அவர் வாசித்ததில்லை; ஹதீஸ் நூல்களை அறிந்ததில்லை. இஸ்லாத்தைப் பற்றி அவர் வாசிக்கும் ஒரே பக்கம், அவரது வாயிலை மறித்து நிற்கும் அந்த வாகனம்தான். அப்பக்கத்தில் நாம் என்ன எழுதியிருக்கின்றோம்?

நமது தலைவர் (ஸல்) அவர்களைவிட முக்கியமான பணி உலகில் எவருக்கும் இருந்ததில்லை. அவர்கள் குறைஷித் தலைவர்களிடம் மார்க்கத்தை எடுத்துக் கூறுவதில் ஈடுபட்டிருந்த வேளையில், பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள் வந்து குறுக்கிட்டார்கள். அவரை நபியவர்கள் கவனியாது முகம் திருப்பியமைக்காக, அல்லாஹுத் தஆலா தன் தூதருக்கே அறிவுறுத்தி அபஸ அத்தியாயத்தை அருளினான். மகத்தான பணியில் இருந்தாலும், தேடி வந்த எளியவரைப் புறக்கணிக்கலாகாது என்ற பாடம் மறுமைநாள் வரை ஓதப்பட்டுக்கொண்டே இருக்கும். நீண்ட நேரம் தொழுவிக்கும் எண்ணத்தோடு தக்பீர் கட்டிய நபியவர்கள், பின்னால் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாய் படும் வேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். தொழுகையிலேயே அடுத்தவரின் சிரமம் அவர்களது செவியில் விழுந்தது. நமது செவிகளோ வீதியில் நடக்கும்போதே அடைபட்டிருக்கின்றன.

இவ்விடத்தில் சத்தத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் கூற வேண்டியுள்ளது. வெலிகமையிலுள்ள பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கில், 2007ஆம் ஆண்டு நமது நாட்டு உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் உத்தரவுகளைப் பிறப்பித்தது. அவ்வுத்தரவு எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவானது. அது பற்றி அன்று நம்மிடையே பலவாறு பேசப்பட்டது. ஆனால் நீதிமன்றம் கூறுவதற்கு 14 நூற்றாண்டுகளுக்கு முன்னரே நபியவர்கள் வாழ்ந்து காட்டியதை நாம் எவ்வளவு தூரம் பேசினோம்? இரவில் வீடு வரும்போது, விழித்திருப்பவர்களுக்குக் கேட்கும்படியாகவும் உறங்குபவர்களை எழுப்பாதபடியாகவும் அவர்கள் ஸலாம் கூறுவார்கள் என மிக்தாத் (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பள்ளிவாசலில் சிலர் குரலை உயர்த்திக் குர்ஆன் ஓதியபோது, ஒருவருக்கொருவர் தொந்தரவு கொடுக்க வேண்டாமென்று தடுத்தார்கள். ஸலாத்துக்கும் திலாவத்துக்குமே இந்த அளவு இருக்குமாயின், கல்யாண வீட்டுப் பாட்டுக்கும், வீதியோரக் கொண்டாட்டத்துக்கும், பஸ் வண்டியில் தொலைபேசியில் ஒலிக்கவிடும் காணொளிகளுக்கும் எவ்வளவு அளவு இருக்க வேண்டும்!

அன்பார்ந்த நேயர்களே!

இவ்வளவும் கூறியதனால் மனிதப் பண்பு அறவே அற்றுப் போய்விட்டது என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி வந்தபோது, எந்த இனத்தவர், எந்த மதத்தவர் என்று கேட்டு எவரும் கை கொடுக்கவில்லை. பள்ளிவாசல்களும் விகாரைகளும் கோவில்களும் தேவாலயங்களும் ஓடி வந்தோர் யாவருக்கும் திறந்திருந்தன. 2016ஆம் ஆண்டு மே மாதம் களனி கங்கை பெருகிக் கொழும்பின் புறநகர்கள் நீரில் மூழ்கியபோதும், பள்ளிவாசல்களில் சமைத்த உணவு எல்லாச் சமூகத்தவரையும் சென்றடைந்தது.

இன்னுமொரு நிகழ்ச்சியை நாம் மறக்கலாகாது. 2020ஆம் ஆண்டில், கொவிட் தொற்றினால் மரணித்தவர்களின் உடல்கள் யாவும் தகனம் செய்யப்பட வேண்டும் என்ற விதி நமது உள்ளங்களை எவ்வளவு வருத்தியது என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையின் உடல் தகனம் செய்யப்பட்டதன் பின்னர், பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகள் கட்டப்பட்டன. கட்டியவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர். பௌத்தரும் கிறிஸ்தவரும் இந்துக்களும் வந்து கட்டினர். அவர்களது மரித்தோரின் விடயத்தில் அவ்விதியால் அவர்கட்கு நம்மளவு பாதிப்பு இருக்கவில்லை. 'இது அவர்களின் பிரச்சினை' என்று கூறி வீட்டில் இருந்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு இருக்கவில்லை. 2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில் அவ்விதி மாற்றப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் அமைச்சரவை அதற்காக மன்னிப்புக் கோரவும் தீர்மானித்தது. ஒரு முழத் துணி பெரிய பொருளன்று. ஆயினும் துயரத்தில் இருந்த ஒரு சமூகத்துக்கு, 'நீங்கள் தனியாக இல்லை' என்று அது கூறியது.

ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபியவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையதாயிற்றே என்று கூறப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்ற கருத்தில் பதிலளித்தார்கள். மயானத்து வேலியில் துணி கட்டியவர்கள் அந்த ஹதீஸை வாசித்திருக்க மாட்டார்கள். ஆனால் அதன்படி நடந்தார்கள். வாசித்த நாம், நம் அயலில் ஒரு பௌத்தரின் அல்லது இந்துவின் வீட்டில் மரணம் நிகழும்போது எவ்வாறு நடந்துகொள்கின்றோம்? அன்றைய தினம் நமது வீட்டுக் கொண்டாட்டச் சத்தத்தையாவது குறைக்கின்றோமா? வாசலில் போய் நின்று ஆறுதலாக ஒரு வார்த்தை கூறுகின்றோமா? பிறர் நமக்குச் செய்ததை நினைவுகூர்ந்து நெகிழ்வது இலகு. அதே கடனை மற்றொருவருக்குச் செலுத்துவதே நன்றி.

பெற்றோர்களே! இனி உங்களிடம் சில வார்த்தைகள்.

பண்பு என்பது பாடசாலையில் ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்டு வந்துவிடுவதன்று. அது உணவுத் தட்டிலேயே ஆரம்பமாகின்றது. நமது சமூகத்தில் சஹனில் உண்ணும் வழக்கம் இருக்கின்றது. ஐந்தாறு பேர் ஒரே தட்டைச் சுற்றி அமர்கின்றனர். நடுவில் வைத்த கோழித் துண்டு ஐந்தாறு பேருக்குரியது. தன் பக்கத்திலிருந்து உண்பது, நடுவிலுள்ளதைப் பிறருக்குப் பங்கிட்டு வைப்பது, மெதுவாக உண்ணும் முதியவருக்காகக் கையைத் தாமதப்படுத்துவது ஆகிய யாவும் அங்கே ஒரு பிள்ளை கற்கும் பாடங்கள். சிறுவராக இருந்த உமர் இப்னு அபீ ஸலமா (ரழி) அவர்களின் கை தட்டில் அங்குமிங்கும் அலைந்தபோது, அருகிலுள்ளதை உண்ணுமாறு நபியவர்கள் அன்போடு கற்பித்தார்கள். பலரோடு அமர்ந்து பேரீச்சம்பழம் உண்ணும்போது, மற்றவர்களின் அனுமதியின்றி இரண்டிரண்டாக எடுப்பதையும் தடுத்தார்கள். பேரீச்சம்பழத்தில் முறை கற்ற பிள்ளை, நாளை வைத்தியசாலை வரிசையிலும் முறை பேணும். வரிசையை மீறி முன்னே செல்லும் தகப்பனைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு எத்தனை மத்ரஸாப் பாடங்கள் நடத்தினாலும், தகப்பனின் பாடமே மனத்தில் பதியும்.

'உன் வேலையை மட்டும் பார்த்துக்கொள்' என்று பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுகின்றோம். வம்புதும்பில் சிக்கிவிடக்கூடாது என்ற பாசத்தினால் அவ்வாறு கூறுகின்றோம். ஆனால் அவ்வறிவுரையை முழுமையாகப் பின்பற்றி வளர்ந்த பிள்ளை, முதுமையில் நம்மையும் தன் வேலையில் சேராத ஒன்றாகவே கருதும். ஆகவே, வம்பில் தலையிடாதே என்றும், துன்பத்தில் தலையிடு என்றும் பிரித்துக் கற்பியுங்கள்.

வாலிப சகோதர, சகோதரிகளே!

உங்களிடம் பெரிய தியாகங்களை நான் கேட்கவில்லை. பின்வரும் சிலவற்றை இன்றிலிருந்து கடைப்பிடித்துப் பாருங்கள். பஸ் வண்டியில் முதியவரையோ கர்ப்பிணியையோ கண்டால், மற்றவர் எழுவாரா என்று பார்க்காமல் முதலில் எழுந்துவிடுங்கள். விபத்தொன்றைக் கண்டால் படம் பிடிக்க எடுத்த தொலைபேசியினால் 1990 என்ற அம்புலன்ஸ் சேவை இலக்கத்தை அழையுங்கள். ஏற்கனவே அழைத்தாயிற்றா என்று பக்கத்தில் நிற்பவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பாதசாரிக் கடவையில் ஒருவர் கால் வைத்ததும் வாகனத்தை நிறுத்துங்கள். இந்நாட்டின் வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். ஒரு நிமிட அவசரத்தின் விலை அதனுள் அடங்கியுள்ளது. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலின் வெளியே வாகனங்களை ஒழுங்குபடுத்த உங்களுட் சிலர் முன்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம் உங்கள் வீட்டு முற்றத்தையும் கூரைப் பீலியையும் பாருங்கள். பிறகு தனியாக வாழும் அயல்வீட்டு முதியவரிடம் அனுமதி பெற்று அவரது பீலியையும் துப்புரவு செய்து கொடுங்கள். அவர் எந்த மதத்தவர் என்பதை நுளம்பு கேட்பதில்லை; நாமும் கேட்க வேண்டியதில்லை.

இவற்றிலே பாராட்டு இல்லை, புகைப்படம் இல்லை, பத்திரிகையில் பெயர் வராது. அதனாலேயே இவை கடினமாகத் தோன்றுகின்றன. தொழுகையாளிகளாக இருந்தும் பிறர் காணச் செயற்பட்டு, அற்பமான புழக்கப் பொருளைக்கூட அயலவருக்குக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டித்து, ஸூரதுல் மாஊன் அருளப்பட்டுள்ளது. நமது தொழுகையில் நாம் அடிக்கடி ஓதும் சிறிய அத்தியாயம் அது. வாயால் ஓதும் அந்த அத்தியாயம், ஸலாம் கொடுத்துப் பள்ளிவாசலை விட்டு வெளியேறும்போது நம்முடன் வீதிக்கும் வரவேண்டும்.

அயலவரின் உரிமையை ஜிப்ரீல் (அலை) அவர்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்தியபோது, சொத்திலும் அயலவருக்குப் பங்கு உண்டாகிவிடுமோ என்று நபியவர்கள் எண்ணுமளவுக்கு அது இருந்தது. நமது அயலவர் இன்று நமது சொத்தில் பங்கு கேட்கவில்லை. இரவில் அமைதியான தூக்கத்தையும், மறிக்கப்படாத வாயிலையும், நுளம்பில்லாத முற்றத்தையும், வழியில் கண்டால் ஒரு புன்சிரிப்பையுமே அவர் எதிர்பார்க்கின்றார். இவ்வளவு சிறிய கடனை நம்மால் செலுத்த முடியாதா?

யா அல்லாஹ்! எமது கண்களை அடுத்தவரின் சிரமத்துக்குத் திறந்து வைப்பாயாக. எமது அவசரங்களிலிருந்து பிறரைப் பாதுகாப்பாயாக. எமது பிள்ளைகளை, இருக்குமிடத்தில் மற்றவர்களுக்கு நிம்மதியளிப்பவர்களாக ஆக்கியருள்வாயாக. ஆமீன்.